மூடி வைத்த தட்டுகள்

அத்தியாயம் 9

ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் கைப்பிடி இல்லாத நாற்காலிகளாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த யாரோவின் மேல் மைக் அக்காவுக்குப் பெரிய மரியாதை வந்தது.

எங்கே போனாலும் நாற்காலியின் கைப்பிடியைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். உட்கார்ந்துவிட்டு எழும்போது நாற்காலியும் கூடவே கிளம்பிவிடுமோ என்று கவலை. இங்கே அந்தக் கவலை இல்லை. சாவகாசமாக உட்கார்ந்து மற்ற கவலைகளைப் படலாம்.

மற்ற கவலைகள் என்னென்ன என்று கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

மைக் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும், எது எவ்வளவு தாமதம் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வாள். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பதும் அவள்தான். யாரோ செய்கிற தாமதத்துக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது ஒரு உத்தியோகம். ஊரே அவள் குரலைக் கேட்கும். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டாள்.

உடம்பு அப்படி இருக்க விடவில்லை. சர்க்கரை ஏறியது. முழங்கால் இரண்டும் முரண்டு பிடித்தன. கண்ணாடி அறைக்குப் போகும் படிகளில் ஏறி வந்தால் மூச்சு வாங்கி, முதல் அறிவிப்பைச் சொல்லக் குரல் வராது. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உடம்பு தாங்கும் என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் கவுன்சலர் சரி என்று சொன்னால்தான் தேதி உறுதி. இவள் மனசு இதற்குத் தயாரா என்று பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. போன வாரம் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் மைக் அக்கா தன் ஸ்டேஷன் குரலில், தடுமாறாமல், இனிமையாகப் பதில் சொன்னாள். கவுன்சலர் கடைசிவரை கேட்டுவிட்டு, நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டினார். அப்புறம்தான் குண்டைப் போட்டார்.

"அடுத்த தடவை வரும்போது, நீங்க எப்படிச் சாப்பிடுறீங்கன்னு தெரிஞ்சவங்க ஒருத்தரை வீட்ல இருந்து கூட்டிட்டு வாங்க."

அப்படி ஒருவர் இருந்தால்தானே கூட்டிக்கொண்டு வர?

மைக் அக்காவின் வீட்டில் மொத்தம் நான்கு பேர். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னமும் விடியும் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவார். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கே ஃபிரிட்ஜ் படுத்துக்கொள்கிறதோ அங்கேதான் அவனுக்குச் சாப்பாடு. தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டுத்தான் தட்டைத் தொடுவாள். மைக் அக்காவுக்கு ஷிஃப்ட் வாராவாரம் மாறும். அம்மா போனபிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. யாருக்காவது யாராவது தட்டில் போட்டு மூடி வைப்பார்கள். அதுதான் அந்த வீட்டில் அன்பு, விசாரிப்பு, பேச்சு எல்லாம்.

காலையில் டீச்சர் டப்பா கட்டுவாள். சோற்றைக் கரண்டியால் அழுத்தி அழுத்தி நிரப்பி, இரண்டு முட்டையும் வைத்து, மூடியை முழங்கையால் அமுக்கித்தான் மூடுவாள். "மாமா தனக்குப் போட்டுக்கிட்டா உங்களை மறந்துடுவாரு அண்ணி. இதைச் சாப்பிட்டுடுங்க. சொல்லாதீங்க."

ஷிஃப்ட் முடிந்து வந்தால் சமையலறை அலமாரியில் அப்பா மூடி வைத்த தட்டு இருக்கும். "டீச்சர் அவ புருஷனுக்குப் பார்ப்பாளா, உனக்குப் பார்ப்பாளா? சாப்பிட்டுக் கழுவி வெச்சுடு. சொல்லாதே."

தம்பி ஸ்டேஷனிலிருந்து வேனில் கூட்டி வரும்போது ஒரு பொட்டலத்தை மடியில் வைப்பான். கேக்கோ, பொரித்த கோழியோ, வெண்ணெய் தடவிய ரொட்டியோ. வீட்டில் உன்னை யார் கவனிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டுவிட்டு, அவனும் அதையேதான் சொல்வான்.

ஒருத்தருக்கு மற்ற இருவர் வைப்பது தெரியாது. ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் பாசமும், மற்றவர்கள் மேல் கொஞ்சம் குற்றச்சாட்டும் சேர்ந்தே இருந்தன. மைக் அக்கா மூன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. 'காத்தைக் குடிச்சே உடம்பு வெச்சுட்டா' என்று வீட்டில் மூன்று பேரும் மனசார நம்பினார்கள்.

கவுன்சலர் கேட்ட அன்று அவள் டீச்சரிடம்தான் கூட வருவாயா என்று கேட்டாள். டீச்சர் சட்டென்று சரி என்றாள். அந்த டீச்சரைத்தான் இன்னும் காணோம்.

எதிர் வரிசையில் ஒரு பருத்த மனிதரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே துண்டுப் பிரசுரத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு படித்தார்கள். மனைவி ஒவ்வொரு வரிக்கும் அவரைத் திட்டினாள். இனிமேல் சோடா கிடையாது, கேட்டுக்கோ. மென்னு முழுங்கணுமாம், கேட்டுக்கோ. அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டார்.

 திட்டு வாங்குகிற ஒரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவோம் என்று மைக் அக்கா நினைத்ததே இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் என்று திரும்பினாள். வந்தது அப்பா.

துவைத்த சட்டை, படிய வாரிய தலை. பஸ்ஸை டிப்போவில் விடுவதுபோல இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்து, மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியருகே நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். அவள் டீச்சரிடம் போனில் பேசியது காதில் விழுந்ததாம். டீச்சருக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அவள் வரப்போவதில்லை, அதனால்தான் வந்தாராம்.

"வரேன்னு சொல்லியிருக்காப்பா."

"சொல்லுவா."

 ஏன் இந்த ஆபரேஷன், எங்கே வெட்டுவார்கள், எத்தனை நாள் படுக்கை என்று அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த இரைப்பைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"வலிக்குமா?"

கொஞ்சம் வலிக்குமாம் என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அந்த வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை.

அப்போதுதான் டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். மாமனாரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமா, நீங்க எங்கே இங்கே?"

"நீங்க வருவீங்கன்னு தெரியாது டீச்சர்."

தெரியும் என்பது மைக் அக்காவுக்குத் தெரியும். நல்லவேளை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுன்சலரின் அறை சின்னது. மூன்று பேர் வந்ததில் அவருக்குச் சந்தோஷம். ஒரு நாற்காலி குறைந்தது; வெளியிலிருந்து எடுத்து வந்து போட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று முதலில் அவரே விளக்கினார். கொஞ்ச நாளைக்கு வெறும் நீராகாரம். அப்புறம் மசித்தது. அப்புறமும் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொள்ளுமா என்பதே சந்தேகம். வைத்துவிட்டார்களே என்பதற்காக ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாலும் வாந்தி, வலி. ஆரம்ப நாட்களில் ஆபத்தும் உண்டு. அதனால் வீட்டில் யார் போடுகிறார்கள், எவ்வளவு போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்.

கேள்வி டீச்சர் பக்கம் வந்தது. டீச்சர் வகுப்பில் பதில் சொல்லுகிற பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்தே முதல் பெஞ்சு.

"அவங்க ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடுவாங்க மேடம். காலையில நான் கட்டிக் குடுக்கிற ஒரு டப்பாதான். வேலை முடிஞ்சு வந்து ஒண்ணுமே சாப்பிடறதில்லை. அப்படியே போய்ப் படுத்துடுவாங்க."

அப்பா இருமினார். கவுன்சலர் அவரைப் பார்த்தார்.

அப்பா உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். பொய் சொல்ல வராது அவருக்கு. சொல்லாமல் இருக்கத்தான் வரும். இங்கே சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ராத்திரிக்கு நான் வெப்பேன்," என்றார். "தினமும்."

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள். மாமனாரைப் பார்த்தாள். அப்புறம் நாத்தனாரைப் பார்த்தாள்.

மைக் அக்காவின் வாயில் பதில் தயாராக இருந்தது. தினமும் இல்லை மேடம், எப்பவாவது ஒரு நாள், அதுவும் கொஞ்சமாத்தான். ஸ்டேஷன் குரலில் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். டீச்சருக்கு மனசு நோகாது. அப்பாவுக்குத் தலை குனியாது. கவுன்சலர்கூட இன்றைக்கே சரி என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிட்டால் ஆபரேஷன் நடக்கும். நடந்து வீட்டுக்கு வந்து படுத்தால், அலமாரியில் ஒரு தட்டு மூடியிருக்கும். தலைமாட்டில் ஒரு டப்பா இருக்கும். மடியில் ஒரு பொட்டலம் வந்து விழும். மூன்றையும் அவள் சாப்பிடுவாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

"அப்பா வைக்கிறது ராத்திரிக்கு," என்றாள். குரல் ஸ்டேஷன் குரலாக இல்லை. "டீச்சர் கட்டறது காலையில. தம்பி வேன்ல ஒரு பொட்டலம் குடுப்பான். எல்லாத்தையும் சாப்பிடுறேன் மேடம். மூணு பேருமே வீட்ல சொல்லாதேன்னுதான் குடுப்பாங்க."

மூன்றாவது பெயர் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே விற்கிற கண்டதையும் வீட்டுக்கு வாங்கி வரக்கூடாது என்று அவள் கண்டித்து வைத்திருந்த புருஷன் அவன்.

"ஏன் சொல்லக் கூடாது?" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். ஏன் என்பது அவளுக்கே தெரியுமே. தான் என்ன சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்தோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. இருந்தாலும் வலி வலிதானே.

"நான் அண்ணியைப் பட்டினி போடுவேன்னு நினைச்சீங்களா மாமா?"

"நீங்களும் என்னைப் பத்தி அதைத்தானே நினைச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை அப்பா.  டீச்சர் கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு, தாங்கள்தான் அவளைக் காப்பாற்றுவதாகச் சோறு போட்டிருக்கிறார்கள். அவளும் வஞ்சகம் இல்லாமல் சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறாள்.

கவுன்சலர் அவசரப்படவில்லை. அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மைக் அக்காவிடம் கேட்டார்.

"இதுல ஒருத்தர்கிட்டயாவது போதும்னு நீங்க சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

சொல்லலாமா என்று யோசித்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"வேணாம்னு சொன்னா வைக்கிறதை நிறுத்திடுவாங்க மேடம். எங்க வீட்ல என்கிட்ட வேற பேச்சு கிடையாது. மூடியைத் திறக்கும்போது, என்னை ஒருத்தர் நினைச்சிருக்காங்கன்னு இருக்கும். ஒரு நாளைக்கு மூணு தடவை அப்படி இருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வயித்தைச் சின்னதாக்கிட்டா தட்டு வேண்டியதில்லை. அப்புறம் என்னை எதுக்கு நினைப்பாங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தாள். இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று மைக் அக்கா ஒரு கணம் காத்திருந்தாள். 

"நீங்களே சொல்லுங்க, தயாரா இருக்கீங்களா?" என்றார் கவுன்சலர்.

"இல்லை மேடம்."

போன வாரம் அவ்வளவு அழகாகப் பேசியதைவிட இந்த இரண்டு வார்த்தைகள் கவுன்சலருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தேதியை அடுத்த வாரம்வரை பிடித்து வைப்பதாகச் சொன்னார். அதற்குள் ஒரே ஒரு வேளை, வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க அவள் சாப்பிட வேண்டும். போதும் என்று தோன்றும்போது வாய்விட்டுப் போதும் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னால் போதும் என்றார்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

வாசலுக்கு வந்ததும் மூன்று பேரும் மூன்று திசைக்குப் போனார்கள். டீச்சர் அடுத்த வகுப்பு இருக்கிறது என்று ஆட்டோ பிடித்தாள். கைப்பைக்குள் டப்பா புடைத்துக்கொண்டு தெரிந்தது. கொடுக்க மறந்தாளா, மறக்கவில்லையா என்று கேட்க மைக் அக்காவுக்கு வாய் வரவில்லை. அப்பா பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். கையசைக்கவில்லை.

அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். மாலை வண்டிகள் இரண்டு தாமதம். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லும்போது, இன்றைக்குத்தான் யாரிடமோ நிஜமாகவே மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. கீழே பிளாட்பாரத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் தம்பியின் வேன் இல்லை. போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டீச்சர் அவனிடம் பேசியிருப்பாள். பேசாமல் இருப்பாளா? முழங்காலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. அப்பாவின் அறை சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோவில் யாரோ செய்தி வாசித்தார்கள். டீச்சரின் அறையும் சாத்தியிருந்தது. தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

சமையலறை அலமாரியைத் திறந்தாள். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடி அதன்மேல் சாய்ந்திருந்தது. மேஜையில் ஒன்றும் இல்லை. அடுப்புமேல் ஒன்றும் இல்லை.

கோபத்தில் வைக்காமல் விட்டார்களா, அவள் நல்லதுக்கென்று விட்டார்களா? எதுவாக இருந்தாலும் அவள் பயந்தது இதற்குத்தான். ஆபரேஷன்வரைகூடக் காத்திருக்கவில்லை, இன்றைக்கே வந்துவிட்டது. சமையலறை நடுவில் நின்றுகொண்டு அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அழுது முடித்தபோது வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. வலியோ என்று பயந்தாள். கொஞ்ச நேரம் நின்று கவனித்த பிறகுதான் புரிந்தது. பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசியாக எப்போது பசித்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பசிப்பதற்கு முன்பே எப்போதும் ஒரு தட்டு வந்துவிட்டிருக்கிறது.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். ரொட்டி இருந்தது, முட்டை இருந்தது, மதியத்துச் சோறு இருந்தது. வழக்கம்போல விளக்கைப் போடாமல், நின்றபடியே எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கைகூட நீண்டுவிட்டது.

கையை இழுத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜைச் சாத்தினாள்.

கூடத்துக்கு வந்து, இரண்டு அறைகளுக்கும் நடுவில் நின்றாள். கதவைத் தட்டலாம் என்றால் எந்தக் கதவை முதலில் தட்டுவது? ஒன்றைத் தட்டினால் இன்னொன்றுக்கு மனவருத்தம். தட்டவில்லை.

"எனக்குப் பசிக்குது," என்றாள்.

சத்தமே எழும்பவில்லை. வண்டி வண்டியாக ஊருக்கே சொல்லுகிறவளுக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில் குரல் கம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குது. யாரும் எதுவும் எடுத்து வைக்க வேண்டாம், நானே போட்டுக்கறேன். யாராவது ஒருத்தர் வந்து என்கூட உட்காருங்க."

ரேடியோ நின்றது. தாள் புரட்டும் சத்தமும் நின்றது. 

கதவுகள் மூடியே இருந்தன. முழங்கால் இரண்டும் கெஞ்சின. மைக் அக்கா உட்காரவில்லை. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று, கூடத்து விளக்கின் கீழே நின்றுகொண்டிருந்தாள்.